வேலூர் பக்கம் பழைய வீடு வாங்குகிறீர்களா? எந்த அறிகுறிக்கு என்ன காரணம், என்ன செய்யலாம்

காட்பாடி, வேலூர் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்கிறேன். வாங்கி முடித்த பிறகு கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் இதை எழுதுகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு அரை நாள் செலவு செய்து பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய விஷயங்களுக்கு அப்புறம் லட்சக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.

நம்ம ஊரில் பழைய வீடு என்றால் பெரும்பாலும் இரண்டு வகை. தோட்டப்பாளையம், கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, வேலப்பாடி மாதிரி பழைய தெருக்களில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும் சுண்ணாம்புக் கட்டட வீடு, மேலே மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை) அல்லது ஓடு. அப்புறம் சத்துவாச்சாரி, காந்தி நகர் மாதிரி இடங்களில் எழுபதுகளில் இருந்து தொண்ணூறுகள் வரை கட்டிய கான்கிரீட் வீடு. அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் கிராமங்களுக்குப் போனால் மண் கலவையில் கட்டிய கல் சுவரும் இருக்கும். எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

கையில் எடுத்துப் போக வேண்டியது: நல்ல டார்ச், சின்னச் சுத்தி, ஸ்க்ரூ டிரைவர், நூல் உருண்டை, ரசமட்டம், பென்சில், டெஸ்டர், முடிந்தால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர். புரோக்கர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. ஒரு தடவை பகலில் போங்கள், இன்னொரு தடவை மழை பெய்த மறுநாள் போங்கள். ஆவணி, புரட்டாசியில் இங்கே சாயங்காலம் அடித்து ஊற்றும், அதற்கு அடுத்த நாள் காலை வீடு உண்மையைச் சொல்லிவிடும். பங்குனி, சித்திரையில் பார்க்கிற வீடு எல்லாமே காய்ந்து நல்ல வீடாகத்தான் தெரியும்.

எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, எப்போதோ நடந்து நின்றுபோனதா? நின்றுபோனதற்குப் பூச்சு வேலை போதும். நடந்துகொண்டிருப்பதற்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எந்த வேலை செய்தாலும் பணம் வீண்.

சுவரின் அடிப்பக்கம் பெயிண்ட் உரிகிறது, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது

இது ஓதம். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, காற்றில் காய்ந்து, தான் கொண்டுவந்த உப்பைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போகிறது. பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் கிடையாது. பொதுவாகத் தரையில் இருந்து மூன்றடி உயரத்துக்குள் நின்றுவிடும். அதற்கு மேலே, தனியாக ஒரு இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் அது ஓதம் இல்லை, உள்ளே போகும் குழாய் கசிகிறது, அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை இருக்கிறது. ஒட்டுச் சுவர் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பக்கத்து வீட்டுக்குப் போய், "அக்கா, இந்தச் சுவருக்கு உங்க பக்கம் என்ன இருக்குது?" என்று கேட்பதில் தப்பே இல்லை. வாங்கினால் நாளைக்கு அவர்களோடுதான் இருக்கப் போகிறீர்கள்.

மூடி மறைத்த ஓதத்தைக் கண்டுபிடிக்கத்தான் கண் வேண்டும். கொசப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஹாலைச் சுற்றி நான்கு அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள், "பசங்க கிறுக்குறாங்கன்னு போட்டோம்" என்றார் வீட்டுக்காரர். டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே, காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் காலண்டரைத் தூக்கிப் பார்த்தால் பெயிண்ட் கொப்பளித்து நின்றது, விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. டைல்ஸ் போட்டு அடைத்ததால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அதற்கும் மேலே ஏறியிருக்கிறது. ஹாலிலோ படுக்கையறையிலோ சுவரில் டைல்ஸ், புதிதாக ஒட்டிய பிளைவுட், சுவரை ஒட்டி நகர்த்தவே முடியாத அலமாரி இதையெல்லாம் பார்த்தால் பின்னால் என்ன என்று கேளுங்கள்.

நடந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வேர்த்திருந்தால் அது காற்றோட்டம் இல்லாத பிரச்சினை, ஜன்னல் திறந்தாலே பாதி சரியாகிவிடும்.

வைத்தியம்: முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வீட்டைச் சுற்றி மண் ஏறி, வெளித்தரை உள்தரையை விட உயரமாக இருக்கும். அதை வெட்டி இறக்கி, மாடித் தண்ணீர் சுவர் ஓரத்தில் விழாமல் குழாய் போட்டுத் தள்ளிவிட்டால் பல வீடுகளில் பாதி ஓதம் குறைந்துவிடும். அப்புறம் ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல் வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சில மாதம் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். செங்கல் சுவராக இருந்தால் அடியில் துளை போட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தலாம், மண் கலவைக் கல் சுவருக்கு அதை நம்ப முடியாது. சிமென்ட் பூச்சு மட்டும் வேண்டாம். கொத்தனார் "டாக்டர் ஃபிக்ஸிட் கலந்து சிமென்ட் பூசிடலாம் சார், ஒண்ணும் ஆவாது" என்பார். அடுத்த மழைக்கு அதே ஈரம் மூன்றடிக்குப் பதில் இன்னும் மேலே வந்து நிற்கும்.

ஓதம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விலையில் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சுவரில் விரிசல்

பயப்பட வேண்டிய விரிசலும் பயப்படத் தேவையில்லாத விரிசலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

சுவர் முழுக்க வலை மாதிரி மெல்லிய கோடு: பூச்சு சுருங்கியது. விட்டுவிடுங்கள்.

தூணுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நேர்க்கோடாக மேலிருந்து கீழ் வரை: இரண்டு பொருளும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. பூச்சைக் கொத்தி, கோழி வலை அடித்துப் பூசினால் போதும்.

மேல்மாடியில், கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் கோடு: இது வேலூர் வெயிலின் வேலை. கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் போகிற ஊர், நாலு அங்குல ஸ்லாப் பகலில் விரிந்து ராத்திரியில் சுருங்கிச் சுவரோடு இழுபறி நடக்கும். கட்டடம் விழாது, ஆனால் அந்த வழியாக மழை உள்ளே போகும், அடைக்க வேண்டும். கூரைமேல் வெப்பம் குறைக்கும் வேலை செய்தால்தான் இது மறுபடி வராது.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், அதுவும் செங்கல் இணைப்போடு படிப்படியாக ஏறினால், அங்கே நில்லுங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சுவரின் ஓர முனை கீழே இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. எங்கே இறங்குகிறதோ அங்கே தரைக்கு அடியில் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள்: உடைந்த கழிவுநீர்க் குழாய், மூடிவிட்ட பழைய கிணறு, செப்டிக் டேங்க், சுவரை ஒட்டி வளர்ந்த பெரிய மரம். பத்திரத்தில் நிலம் நஞ்சை என்று இருந்தால் அங்கே களிமண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், கோடையில் சுருங்கி மழையில் உப்பும், சுவரும் அதோடு ஆடும். ஏரியை ஒட்டிய மனைகளில் இது சகஜம். மலையடிவாரத்தில் மொரம்பு (சரளை) மண்ணில், பாறைமேல் உட்கார்ந்த வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் பாதி பாறையிலும் பாதி நிரவிய மண்ணிலும் அஸ்திவாரம் போட்டிருந்தால் இரண்டும் சேரும் இடத்தில் கண்டிப்பாக விரிசல் விடும்.

டார்ச்சை விரிசலுக்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே தூசி, சிலந்தி வலை, பழைய பெயிண்ட் இறங்கியிருந்தால் அது பழைய விரிசல். விளிம்பு கூர்மையாக, உள்ளே செங்கல் பளிச்சென்று சிவப்பாக இருந்தால் சமீபத்தில் திறந்தது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை அரால்டைட் வைத்து இரண்டு பக்கமும் ஒட்டினால் இன்னும் நல்லது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அகலம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் என்றாலோ, கண்ணாடி உடைந்தாலோ, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் விரிசலே இல்லாவிட்டாலும் ஆபத்து. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பாருங்கள், தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மண் கலவையில் கட்டிய சுவர் ஊறினால் என்ன ஆகும் என்பதை லேசாக நினைக்கக் கூடாது. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்ததில் 9 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுச் சுவரும் உங்கள் வீட்டின் ஒரு பகுதிதான் என்று நினைத்து அதையும் பாருங்கள், கைவிட்டுப் பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தால் இன்னும் கவனமாக.

சீலிங்கில் பழுப்புக் கறை, கான்கிரீட் பொத்துக்கொண்டு கம்பி தெரிகிறது

கான்கிரீட் வீட்டில் அதிகச் செலவு வைப்பது இதுதான். கம்பி துருப்பிடிக்கும்போது பழைய பருமனைப் போல் பல மடங்கு உப்பும், அந்த அழுத்தத்தில் அடிப்பக்கக் கான்கிரீட் பெயர்ந்து விழும். நம்ம பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பெல்ட்டில் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்று நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல் தீர்ப்பானது எல்லோருக்கும் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு (உப்பு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளில் துருவுக்கான காரணம் வீடு கட்டும்போதே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

சுத்தியின் மரப் பிடியால் சீலிங்கை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று சத்தம் தரும், பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். முக்கியமாக மேலே பாத்ரூம் இருக்கும் இடம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ், சன்ஷேடு, பால்கனி. வட்டங்கள் அங்கங்கே நாலைந்து என்றால் ரிப்பேர் செய்யலாம். கூரையில் கால் பங்குக்கு மேல் என்றால், நான் அந்த வீட்டுக்கு நில விலை மட்டும்தான் போடுவேன்.

ரிப்பேர் என்றால் முழுசாகச் செய்ய வேண்டும்: துரு முடியும் இடத்தையும் தாண்டிக் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் தெரியும்படி எடுத்து, ஒயர் பிரஷ் போட்டுத் துரு நீக்கி, ஜிங்க் பிரைமர் அடித்து, இளைத்துப்போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலவை வைத்து மூட வேண்டும். இதெல்லாம் செய்வதற்கு முன்னால் மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். வெறுமனே சிமென்ட் அப்பி வெள்ளை அடித்து விற்பார்கள், அது இரண்டு மழை தாங்காது.

மொட்டை மாடி ஒழுகுகிறதா என்று தெரிய, விற்பவர் சம்மதித்தால் வடிகுழாயை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். முழுக் கூரையும் வேண்டாம், சந்தேகப்படும் பகுதியில் சின்னதாக வரப்புக் கட்டினால் போதும். மெட்ராஸ் டெரஸில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அந்தப் பாரத்துக்கும் ஊறலுக்கும் அது ஆனதில்லை. தண்ணீர் ஓட்டத்துக்குச் சரிவு பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும், தேங்கிக் காய்ந்த பாசித் தடம் இருந்தால் ஓட்டம் சரியில்லை.

ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடா? லைட் மாட்டிய ஓட்டையைக் கழற்றி மொபைலை உள்ளே விட்டு வீடியோ எடுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள்.

மெட்ராஸ் டெரஸில் தூள் உதிர்கிறது, தளம் தொய்ந்திருக்கிறது

தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்த்து நாட்கணக்கில் அடித்து, கடைசியில் தட்டை ஓடு பதித்த கூரை இது. நன்றாக இருந்தால் கான்கிரீட் வீட்டை விட வெக்கை குறைவு. இதை இடித்துவிட்டு ஸ்லாப் போடலாம் என்று சொல்லும் கான்ட்ராக்டரை நம்பாதீர்கள். சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று யாரும் பார்ப்பதில்லை.

உதிரும் தூள் எந்த நிறம் என்று பாருங்கள். வெள்ளை என்றால் சுண்ணாம்பு, கவலை குறைவு. வெளிர் மஞ்சளாக, மாவு மாதிரி என்றால் மரத்தை வண்டு குடைகிறது. தரையைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள், மறுபடி தூள் இருந்தால் உள்ளே இன்னும் பூச்சி இருக்கிறது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி சட்டத்தின் நடுவைப் பார்க்கவே மாட்டார். ஏணி போட்டு ஏறி, சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆணியைக் கையாலேயே அழுத்துவார். "நடுவுல இன்னாத்த பாக்குற, முனையப் பாருப்பா, அங்கதான் ஊறும்" என்பார். உண்மை அதுதான், சுவரின் ஈரம் சட்டத்தின் முனையை முதலில் தின்னும். ஆணியோ ஸ்க்ரூ டிரைவரோ சர்க்கென்று அரை அங்குலம் இறங்கினால் அந்தச் சட்டம் போய்விட்டது. ஒன்றிரண்டு என்றால் பக்கத்திலேயே புதுச் சட்டமோ இரும்பு ஐ-பீமோ கொடுத்துத் தாங்கலாம். பாதிக்கு மேல் என்றால் கூரை மொத்தமும் வேலை.

கைப்பிடிச் சுவரில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் பிடுங்கிப் போட்டால் போதாது, வேர் உள்ளே இருந்து மறுபடி வரும். செங்கலைப் பிரித்து வேரை எடுத்து மறுபடி கட்ட வேண்டும். கூரைக்கு மேல் ஏற்கெனவே யாராவது சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் சுண்ணாம்புக்குள் போன தண்ணீர் வெளியேற முடியாமல் மரத்துக்கு இறங்கியிருக்கும், சட்டமுனைகளை இரண்டு மடங்கு கவனமாகக் குத்திப் பாருங்கள்.

வீடு தெருவை விடப் பள்ளத்தில் இருக்கிறது

ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போனதால் முன்பு நாலு படி ஏறிப்போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரரிடம் "மழைக்குத் தண்ணி உள்ள வருமா?" என்று கேளுங்கள், வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொல்வார். 2021-ல் பாலாறும், குடியாத்தம் பக்கம் கவுண்டன்யா ஆறும் பெருகி வந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று கரையோரத் தெருக்களில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சுவரில், கதவுச் சட்டத்தின் அடியில், மீட்டர் பெட்டியில் ஒரே உயரத்தில் கறைக் கோடு ஓடுகிறதா பாருங்கள்.

உள்தரையை உயர்த்தலாம், ஆனால் கதவு, ஜன்னல், அவற்றுக்கு மேலே பாரம் தாங்கும் லிண்டல் எல்லாம் தாழ்ந்துபோகும், தரையிலிருந்து சீலிங் வரை ஒன்பதரை அடிக்குக் குறைந்தால் வெயில் காலத்தில் இருக்க முடியாது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே என்று கேட்பார்கள். பேஸ்மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் உள்ள சிமென்ட் வீடுகளுக்குச் செய்கிறார்கள். மண் கலவைச் சுவருக்கும் மெட்ராஸ் டெரஸுக்கும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். வருஷா வருஷம் தண்ணீர் ஏறும் பள்ளத்து வீட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இது ஒன்றைத்தான் உங்கள் பணத்தால் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ரோடு உங்களுடையது இல்லை.

நிலைக்கதவில் மண் கோடு, கதவு மூடவில்லை

மண் கோடு கரையான். ஒரு இடத்தில் அதை உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. நிலையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக இருந்தால் சத்தத்திலேயே தெரியும். தேக்காக இருந்தால் அடி ஓரடி வெட்டி ஒட்டுப் போடலாம், நாட்டு மரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். சுவரோரம் தரையில் துளைபோட்டு மருந்து விடும் வேலையைப் புதுத் தரை போடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். கதவு மட்டும் மூடாமல் மேல்மூலையில் உரசுகிறது, பக்கத்தில் சாய்வான விரிசலும் இருக்கிறது என்றால் அது தச்சர் வேலை இல்லை, மேலே விரிசல் பகுதிக்குப் போங்கள்.

மோட்டார் போட்டால் லைட் மங்குகிறது, குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

குழாயில் ஷாக் அடிக்கும் வீட்டில் அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். காரணம் பெரும்பாலும் எர்த் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. பாறை நிலத்தில் போட்ட எர்த் குழி கோடையில் வறண்டு வேலை செய்யாமல் போகும், தண்ணீர் ஊற்றினால் அன்றைக்கு மட்டும் சரியாகும்.

எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு இன்னும் விட்டுவிட்டு எரிந்தால் எங்கேயோ கசிகிறது. மரக் கட்டையில் அடித்த பழைய வயரிங், பீங்கான் ஃபியூஸ் இதெல்லாம் இருந்தால் பேச்சே இல்லை, முழு வயரிங்கும் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். புதிதாகப் போடும்போது மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி கட்டாயம், சமையலறைக்கும் ஏசிக்கும் தனி லைன். இணைப்பில் அனுமதித்த லோடு எவ்வளவு என்று மின்கட்டண அட்டையில் பாருங்கள், இரண்டு ஏசி போடப் போகிறீர்கள் என்றால் அதைக் கூட்ட வேண்டியிருக்கும்.

குழாயில் நூலாகத் தண்ணீர், வாளியில் வெள்ளைப் படிவு

பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உப்புத் தண்ணீரில் உள்ளே அடைத்துக்கொள்ளும். இரண்டு குழாயை ஒரே நேரத்தில் திறங்கள், இரண்டாவது செத்துப்போனால் குழாய் மொத்தமும் மாற்ற வேண்டியதுதான். போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள்: குடிக்க 500-க்குள் நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்திய தர அளவு. ஆனால் குரோமியம் மாதிரி உலோகம் இருப்பதை மீட்டர் காட்டாது. தோல் தொழிற்சாலை இருந்த பகுதியாக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துவிடுங்கள். மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் அறுபதடியாவது தள்ளி இருக்க வேண்டும், சின்ன மனைகளில் அது இருக்காது, அப்போது அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது.

பத்திரம் ஒன்று சொல்கிறது, வீடு வேறு சொல்கிறது

இதை வக்கீல்தான் பார்க்க வேண்டும், நான் வீட்டோடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். டேப் வைத்து மனையை அளந்து பட்டாவோடு ஒப்பிடுங்கள். ஒட்டுச் சுவர் பொதுச் சுவரா, யாருடையது என்று மூலப்பத்திரத்தில் இருக்கும், தெரியாமல் அதை உடைத்துவிட்டால் வேலை அங்கேயே நிற்கும். மேல்மாடி அனுமதி வரைபடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தில் அப்புறம் ஏற்றிய மாடி என்றால் விரிசலுக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். பழைய பத்திரத்தில் வடஆற்காடு மாவட்டம் என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். 1989-ல் வடஆற்காடு பிரிந்தது, 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின, மாவட்டப் பெயர் மாறியதால் பத்திரம் செல்லாமல் போகாது.

வாங்கிவிட்டீர்கள், எங்கே ஆரம்பிப்பது

பார்த்த குறைகளை எல்லாம் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரியிடம் தோராயச் செலவு வாங்கி, அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் விலை பேசியிருப்பீர்கள். அதே தாள்தான் இப்போது வேலைத் திட்டம். முதலில் கூரையும் மழைத்தண்ணீர் ஓட்டமும், அப்புறம் கழிவுநீர்க் குழாய், தண்ணீர்க் குழாய், அப்புறம் விரிசலும் சுவரும், அதற்கப்புறம் கரையான் மருந்தும் வயரிங்கும். பூச்சு, தரை, பாத்ரூம் டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் இதற்குப் பிறகுதான். பலர் கிச்சனில் ஆரம்பிக்கிறார்கள், ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப் பிளைவுட் ஊறிப்போகிறது. மொத்தப் பணத்தில் கால் பங்கைத் தொடாமல் வையுங்கள். பூச்சைக் கொத்திய பிறகுதான் தெரியும் விஷயங்கள் பழைய வீட்டில் கட்டாயம் இருக்கும்.

கூரை வேலையைத் தையில் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடிக்கப் பாருங்கள். கத்திரி வெயிலில் கான்கிரீட் போட்டே ஆக வேண்டும் என்றால் சாயங்காலம் போட்டு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி பத்து நாள் காயாமல் வைத்திருங்கள். சுண்ணாம்பு வேலைக்கு இன்னும் பொறுமை வேண்டும், தினமும் நனைக்க ஆள் இருந்தால் மட்டும் எடுங்கள். உள்சுவருக்கு முதல் வருஷம் சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுசாகப் போகட்டும், எங்கேயாவது கறை வந்தால் வெள்ளையில் உடனே தெரியும், வராத சுவருக்கு அடுத்த தையில் பெயிண்ட் வாங்கிக்கொள்ளலாம்.